பெரியப்பாவின் கையெழுத்து செல்லுமா?

கேள்வி: நான் ஏற்காட்டுப் பெண். பிளஸ் டூ வரை இங்கேயே ஒரு கான்வென்ட் விடுதியில் படித்தேன். இப்போது அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு. வரும் ஜூனில் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஜனவரி நடுவில் திரும்புகிறேன்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பெரியப்பா சேலத்தில் சர்ஜன். ஒரு கோடையில் மூன்று வாரம் அவருடன் தியேட்டரில் நின்று பார்த்தேன். "நீயே டைப் பண்ணிட்டு வாம்மா, என் லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். அப்பா தனக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. ஒருவரிடம் சொல்லி வைத்துவிட்டார். பள்ளி முதல்வர் சிஸ்டரும் தருவதாகச் சொல்கிறார். இங்கே மலைக் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு கோடை விடுமுறைகளில் உதவி செய்தேன். அங்குள்ள மருத்துவ அலுவலர் உறவினர் இல்லை.

கல்லூரியில்: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பேராசிரியர் (280 பேர் வகுப்பு, ஏ வாங்கினேன், என் பெயர் அவருக்குத் தெரியாது). ஜெனெடிக்ஸ் பேராசிரியர் (40 பேர், பி பிளஸ்தான், ஆனால் வாரந்தோறும் போய்ச் சந்தேகம் கேட்பேன்). இரண்டு ஆண்டாக ஆய்வகத்தில் வேலை. பெரிய பேராசிரியர் மாதம் ஒருமுறைதான் கண்ணில் படுவார், போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த ஆய்வாளர்) ஒருவர்தான் வழிநடத்துகிறார். மருத்துவ அறவியல் செமினார், 15 பேர். முதியோர் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் வாரம் ஒருநாள் தன்னார்வப் பணி. இவர்களில் யாரைக் கேட்பது? எத்தனை கடிதம்? தம்பி இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க நினைக்கிறான். அவனுக்கும் இதே முறைதானா?

— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வீட்டில் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருப்பது சிபாரிசுக் கடிதம். அதில் குறையும் சொல்ல முடியாது. 1986-இல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் இன்று சேர வேண்டுமானால் நீட் மதிப்பெண், தரவரிசை, கவுன்சிலிங், அவ்வளவுதான். யாருடைய கடிதத்தையும் அங்கே யாரும் படிப்பதில்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்தே இராதவர்கள், "கடிதம்" என்றதும் பெரிய மனிதர் பெயரைத் தேடுவது இயல்பு.

அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இதன் பெயர் மதிப்பீட்டுக் கடிதம். (அங்கே எம்.டி. என்பதுதான் முதல் மருத்துவப் பட்டம். நம் ஊர் எம்.டி.யோடு பெரியப்பா குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏ.ஏ.எம்.சி., கடிதம் எழுதுவோருக்கென்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. மாணவருக்காக வாதாடாதீர்கள், அவர் மருத்துவம் படிக்கப் பொருத்தமானவரா என்று துல்லியமாக மதிப்பிடுங்கள் என்பது அதன் சாரம். எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும், நேரில் பார்த்து எழுதுகிறீர்களா பிறர் சொல்லக் கேட்டு எழுதுகிறீர்களா என்பதையும் சொல்லச் சொல்கிறது. அங்கே கேட்பது கண்ணால் கண்ட சாட்சி. எம்.எல்.ஏ. அந்தச் சாட்சி இல்லை. அப்பா கேட்டு வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். அந்தக் கடிதத்தைச் சேர்த்தால் வெறுமனே பயனற்றுப் போவதோடு நிற்காது. வேலையைப் பார்த்தவர்கள் போதவில்லை போலிருக்கிறது, செல்வாக்கைக் கொண்டு வருகிறார் என்று படிப்பவர் நினைப்பார்.

ஆட்களைத் தேர்வு செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் கமிட்டி லெட்டர் உண்டா? மருத்துவத்துக்கு விண்ணப்பிப்போருக்கென்று ஒரு குழு இருந்து, உங்களை நேர்காணல் செய்து, பேராசிரியர்களின் கடிதங்களையும் தொகுத்து ஒரே உறையாக அனுப்பும் முறை அது. இருந்தும் நீங்கள் பயன்படுத்தாவிட்டால், ஏன் இல்லை என்று மருத்துவக் கல்லூரி கேட்கும். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த முறையே கிடையாது. அதனால் குறையும் இல்லை. ஆனால் இருக்கிறது என்றால், அதற்கான படிவமும் கெடுவும் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் குளிர்காலத்திலேயே வந்துவிடும். இன்றைக்கே ப்ரீமெட் ஆலோசகருக்கு (மருத்துவத்துக்கு விண்ணப்பிப்போருக்கு வழிகாட்டுபவர்) ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜனவரியில் திரும்பியபின் கேட்டால் கெடு முடிந்திருக்கக்கூடும்.

அடுத்தது கணக்கு. ஆம்காஸில் 10 கடிதம் வரை சேர்த்து வைக்கலாம். எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். 10 வரை இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது. கல்லூரிகள் வழக்கமாக எதிர்பார்ப்பது மூன்று முதல் ஐந்து: அறிவியல் ஆசிரியர் இருவர், அறிவியல் அல்லாத பாட ஆசிரியர் ஒருவர், ஆராய்ச்சி செய்திருந்தால் அதை மேற்பார்த்தவர் ஒருவர். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் போக்கில் விதி வைத்திருக்கிறது. எம்.எஸ்.ஏ.ஆர். என்ற ஏ.ஏ.எம்.சி. தரவுத்தளத்தில் கல்லூரிவாரியாக அந்த விவரம் இருக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களை ஏற்காத கல்லூரிகளே அதிகம் என்பதால், அதே இடத்தில் முதலில் அந்த வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். மிஞ்சும் பெயர்களை ஒரு எக்செல் தாளில் இறக்கி, அறிவியல் கடிதம் எத்தனை, அறிவியல் அல்லாதது எத்தனை, ஆய்வகக் கடிதம் கட்டாயமா, அதிகபட்சம் எத்தனை என்று நான்கு பத்தி போடுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும் கூட்டணி எது என்று அந்தத் தாளே காட்டும். டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டக் கல்லூரிகளுக்கும் போடுவதானால் விண்ணப்பமே வேறு. அங்கே பல கல்லூரிகள் ஒரு மருத்துவரின் கடிதத்தையும் கேட்கும், அதுவும் டி.ஓ. மருத்துவராக இருந்தால் நல்லது என்பார்கள்.

இனி ஆட்கள். ஜெனெடிக்ஸ் பேராசிரியரைத்தான் முதலில் கேட்க வேண்டும். பி பிளஸ் என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. நம் ஊரில் 100-க்கு 98 வாங்கிய பாடத்து ஆசிரியரிடம்தான் சான்றிதழுக்குப் போவோம். ஆனால் உங்கள் மதிப்பெண்கள் எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்கெனவே இருக்கின்றன. 280 பேர் வகுப்பில் ஏ வாங்கினார் என்று ஒரு பேராசிரியர் எழுதினால், தெரிந்ததையே இன்னொரு தாளில் படிக்கிறார் தேர்வாளர். விளக்கம் இல்லாமல் மதிப்பெண்ணை எழுத வேண்டாம் என்று அந்த வழிகாட்டியும் சொல்கிறது. ஜெனெடிக்ஸ் பேராசிரியரிடம் அந்த விளக்கம் இருக்கிறது. முதல் தேர்வில் எங்கே சறுக்கினீர்கள், வாரந்தோறும் என்ன கேள்வியோடு வந்தீர்கள், நான்காவது வாரம் கேட்ட கேள்விக்கும் பன்னிரண்டாவது வாரம் கேட்ட கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவரால் எழுத முடியும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்ளும் ஆளா என்பது மருத்துவக் கல்லூரி தேடும் செய்திகளில் ஒன்று, அது மதிப்பெண் பட்டியலில் வராது. ஒரு எச்சரிக்கை: இது பி பிளஸுக்குப் பொருந்தும். சி வாங்கிய பாடத்து ஆசிரியரிடம், எவ்வளவு அன்பாக இருந்தாலும், போகாதீர்கள்.

இரண்டாவது அறிவியல் ஆசிரியர்தான் உங்கள் பட்டியலில் ஓட்டை. ஆய்வகப் பேராசிரியர் இருக்கிறாரே என்று நினைத்திருப்பீர்கள். அங்கேதான் பலர் இடறுகிறார்கள். "அறிவியல் ஆசிரியர்" என்றால் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கில் ஒன்றை உங்களுக்கு வகுப்பில் நடத்தி மதிப்பெண்ணும் போட்டவர் என்றுதான் பல கல்லூரிகள் பொருள்கொள்கின்றன. ஆய்வகத்தில் மேற்பார்த்தவர், பாடம் நடத்தாதவர் என்றால் அவர் கடிதம் தனிக் கணக்கு. ஆராய்ச்சியைக் கிரெடிட் பாடமாகப் பதிவு செய்து கிரேடு வாங்கியிருந்தால் சில கல்லூரிகள் ஏற்கலாம். கல்லூரிக்கு எழுதிக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் ஃபிசியாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ, 30, 40 பேர் மட்டும் இருக்கும் வகுப்பாகப் பார்த்து எடுங்கள். முதல் வாரத்திலேயே பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். கடிதம் பற்றிப் பேச அல்ல, பாடம் பற்றிப் பேச. ஏப்ரல் மாதத்துக்குள் அவருக்கு உங்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். இரண்டாவது வழி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது, ஆனால் லேப் வகுப்பை நடத்திய டி.ஏ.வுக்குத் (பேராசிரியரின் பயிற்று உதவியாளர்) தெரியும் அல்லவா? டி.ஏ. தனியாக எழுதும் கடிதத்தை ஆசிரியர் கடிதமாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. டி.ஏ. தான் பார்த்ததை எழுதிக் கொடுக்க, பேராசிரியர் அதையும் சேர்த்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் அது செல்லும். பெரிய வகுப்பு நடத்தும் பேராசிரியர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டில் முதல் வழிதான் மேல். இரண்டாவதைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்திலும் இதே கூட்டுக் கையெழுத்துதான் தீர்வு. போஸ்ட்டாக் தினமும் பார்த்தவர், ஆனால் அவர் ஆசிரியர் பதவியில் இல்லை. பெரியவர் ஆசிரியர், ஆனால் பார்க்கவில்லை. பெரியவர் தனியாக எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? ஆய்வகத்தைப் பற்றியும், அதன் திட்டத்தைப் பற்றியும், வாங்கிய நிதியைப் பற்றியும் முக்கால் பக்கம் வரும். கடைசியில் உங்களுக்கு இரண்டு வரி மிஞ்சும். பாடத்தையும் ஆய்வகத்தையும் விட்டுவிட்டு ஆளைப் பற்றி எழுதுங்கள் என்று ஏ.ஏ.எம்.சி. தனியாகச் சொல்ல வேண்டி வந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம். இருவரையும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் சந்தியுங்கள். கையில் அரைப் பக்கக் குறிப்பு இருக்கட்டும்: எந்தப் பரிசோதனை சொதப்பியது, எத்தனை முறை, நீங்களாக எதை மாற்றிப் பார்த்தீர்கள், இரண்டாம் ஆண்டில் யாருக்காவது கற்றுக்கொடுத்தீர்களா. வெற்றிகளை அவர்களுக்குத் தெரியும். சொதப்பியதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதுதான் நல்ல கடிதமாகும். எம்.டி.யோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்கும் திட்டத்துக்குப் போடுவதானால் மட்டும், முக்கியமாக மேற்பார்த்த எல்லோருடைய கடிதமும் வேண்டும்.

அறவியல் செமினார் பேராசிரியரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கேளுங்கள். 15 பேர் வகுப்பில் பேசாமல் ஒளிந்திருக்க முடியாது.

இப்போது சேலத்துக்கும் மலைக்கும் வருவோம். பெரியப்பாவின் கடிதம் செல்லாது. உறவினர் எழுதக் கூடாது என்று பல கல்லூரிகள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. பெயரின் பின்னொட்டு வேறு, யாருக்குத் தெரியும் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். உறவை மறைத்து எழுதிய கடிதம் நேர்காணலில் ஒரே கேள்வியில் வெளிப்பட்டுவிடும். உறவு இல்லாவிட்டாலும் அந்தக் கடிதத்தால் பெரிய பயன் இருக்காது. மூன்று வாரம் ஓரமாக நின்று பார்த்த பெண்ணைப் பற்றி ஒரு சர்ஜன் என்ன எழுத முடியும்? நேரத்துக்கு வந்தாள், அமைதியாக நின்றாள், மயங்கி விழவில்லை. தியேட்டரில் நின்ற நாட்களை விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். அங்கே 15 பதிவு வரை இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. உறுதிப்படுத்தும் ஆளாகப் பெரியப்பாவைப் போடாமல் தியேட்டர் பொறுப்புச் செவிலியரையோ மயக்க மருத்துவரையோ, அவர்களிடம் கேட்டுவிட்டுக் குறிப்பிடுங்கள்.

"நீயே டைப் பண்ணிட்டு வா" என்பது இங்கே அன்பின் அடையாளம். பிஸியான மனிதர் மறுக்காமல் உதவும் வழி அது. ஆனால் ஆம்காஸில் அது பொய்க் கடிதம். கடிதத்தையோ டிரான்ஸ்கிரிப்டையோ போலியாக்குவது அவர்கள் விசாரணைக்கு எடுக்கும் குற்றங்களில் ஒன்று; கண்டது கல்லூரிகளுக்கும் போகும். பெரியப்பாவுக்கு மட்டும் இல்லை, மலையில் உள்ள மருத்துவ அலுவலர் சொன்னாலும், ஏன், அமெரிக்கப் பேராசிரியரே "ஒரு டிராஃப்ட் கொடு" என்றாலும் பதில் ஒன்றுதான்: குறிப்பு தருகிறேன், கடிதத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், காரியமும் கெடும். நீங்களே எழுதும்போது "கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு மிக்கவர், ஒழுக்கமானவர்" என்று அடைமொழிகள்தான் வரும். ஏனென்றால் வெளியிலிருந்து உங்களைப் பார்த்தது நீங்கள் அல்ல. ஐந்து கடிதத்தில் இரண்டு, விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் சொந்த அறிக்கையின் நடையிலேயே இருந்தால் வரிசையாகப் படிப்பவருக்குச் சட்டென்று தட்டுப்படும்.

சிஸ்டரின் கடிதமும் வேண்டாம். பள்ளிக் காலத்துக்கும் உங்கள் விண்ணப்பத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுக் கல்லூரி வந்துவிட்டது. பள்ளிக் கடிதம் அங்கே எடுபடாது.

ஆனால் சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்? இவரை நான் விடமாட்டேன். உங்கள் பட்டியலிலேயே இவருடைய கடிதம்தான் வேறு யாரும் எழுத முடியாதது. நோயாளியோடு நோயாளியின் மொழியில் நீங்கள் பேசியதைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அமெரிக்க மருத்துவமனையில் தன்னார்வலராகத் தள்ளுவண்டி தள்ளியவர்கள் ஆயிரம் பேர் விண்ணப்பத்தில் இருப்பார்கள். சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியரோடு நடந்து போய், ரத்தசோகைக்கான மாத்திரையை ஒரு கர்ப்பிணி ஏன் சாப்பிடாமல் வைத்திருக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர்? நீங்கள் செய்தது இதுதானா என்று எனக்குத் தெரியாது. பதிவேடு எழுதியிருந்தாலும், வரிசையை ஒழுங்குபடுத்தியிருந்தாலும், அதைப் பார்த்து எழுதுபவர் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

இந்தக் கடிதத்தில் கெட்டுப்போகும் இடங்கள் இருக்கின்றன, கவனியுங்கள். முதலாவது, நம் ஊர் நன்னடத்தைச் சான்றிதழ் வடிவம். "இவரை எனக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தெரியும், நல்ல பண்பும் நடத்தையும் உடையவர், எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்" என்று நான்கு வரி, கீழே வட்ட முத்திரை. அவர் கெடுதல் நினைக்கவில்லை, கேட்டால் எழுதிப் பழகியது அதுதான். அமெரிக்காவில் படிப்பவருக்கோ அது "இவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை" என்று நாசூக்காகச் சொன்னதாகத் தோன்றும். எனவே வடிவத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்: ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம், எந்த ஆண்டு எத்தனை வாரம் பார்த்தார், தானே பார்த்தது எது, செவிலியர் சொல்லித் தெரிந்தது எது, ஒரு நாள் நடந்த ஒரு சம்பவம், அவரிடம் வந்துபோன பிற மாணவர்களோடு ஒப்பிட்டால் எப்படி, திருத்திக்கொள்ள வேண்டியது என்ன. கடைசிக் கேள்வி அவரைத் திகைக்க வைக்கும். சின்னக் குறை ஒன்றும், அதை நீங்கள் சரிசெய்த விதமும் இருந்தால்தான் மற்றப் பாராட்டுகள் நம்பப்படும் என்று விளக்குங்கள்.

இரண்டாவது பொறி இதைவிட ஆபத்து. உங்களை உயர்த்துவதாக நினைத்து, "ஊசி போட்டார், தையல் போட்டார், தனியாகவே நோயாளிகளைப் பார்த்தார்" என்று எழுதிவிடுவார். அது பாராட்டு ஆகாது, குற்றச்சாட்டாகும். பயிற்சி பெறாத மாணவர் வெளிநாட்டில் போய் நோயாளி மேல் கை வைப்பதை ஏ.ஏ.எம்.சி. தன் 2011 வழிகாட்டியிலேயே எச்சரித்திருக்கிறது. ஏழை நாட்டு நோயாளியின் உடம்பில் கற்றுக்கொண்டார் என்றுதான் தேர்வுக் குழு படிக்கும். செய்யவில்லை என்றால் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். செய்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கேட்பதையே மறு ஆலோசனை செய்யுங்கள். கடிதத்திலும் சரி, உங்கள் கட்டுரையிலும் சரி, மலைவாழ் மக்களை நீங்கள் வந்து கரையேற்றியது போன்ற தொனி வேண்டாம்; அவர்கள் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். நோயாளி பெயர், ஊர், படம் எதுவும் கூடாது.

மூன்றாவது, அனுப்பும் விதம். ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் உருவாகும். உங்கள் ஏ.ஏ.எம்.சி. எண்ணும் கடித எண்ணும் உள்ள கோரிக்கைப் படிவத்தை எழுதுபவருக்கு அனுப்ப வேண்டும். அவர் கடிதம் எழுதுவோருக்கான தளத்தில் தன் கணக்கைத் தொடங்கி பி.டி.எஃப். ஆக ஏற்றுவார். "எங்கிட்ட கொடுத்துடுங்க டாக்டர், நானே ஏத்திக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அவர் பெயரில் ஜிமெயில் தொடங்கி வேலையை முடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன போலிக் கடிதக் குற்றத்தில் அதுவும் சேரும். கணினியில் பழக்கமில்லை என்றால் அவர் உதவியாளர் அவர் முன்னிலையில் ஏற்றட்டும், உங்கள் வீட்டார் அல்ல. நிலையத்தின் அல்லது அவருடைய லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து, பட்டம், பதவி, தொலைபேசி, மின்னஞ்சல் இருக்க வேண்டும். முத்திரை இருந்தால் தவறில்லை, இல்லாவிட்டாலும் தவறில்லை.

இங்கே ஒரு கால முரண் உண்டு. கடித எண் கிடைக்க விண்ணப்பம் திறக்க வேண்டும். அது மே மாதத் தொடக்கத்தில்தான் திறக்கும். அரசு மருத்துவருக்கோ அதற்குள் இடமாற்றம் வந்துவிடலாம். அதனால்தான் நீங்கள் கிளம்புமுன் கேட்டுவிட வேண்டும் என்கிறேன். இப்போதே எழுதித் தர அவர் தயார் என்றால், இன்டர்ஃபோலியோ போன்ற கடிதச் சேமிப்புத் தளத்தில் அவர் நேரடியாகப் போட்டு வைக்கலாம். உங்கள் கண்ணில் படாமல் அங்கே இருக்கும், மே மாதம் ஆம்காஸுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஓய்வு பெறப்போகும் அல்லது சபாட்டிகல் என்ற நீண்ட ஆய்வு விடுப்பில் போகும் பேராசிரியருக்கும் இதே வழி.

பராமரிப்பு இல்லத்துப் பொறுப்பாளரின் கடிதம் நல்லதுதான். ஆனால் மருத்துவ அலுவலர் ஒப்புக்கொண்டால் இரண்டும் தேவையில்லை. அவர் தயங்கினால் இவரைக் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில் ஒரே ஒரு சொல்தான் முக்கியம்: "வலுவான". "எனக்கு ஒரு கடிதம் தர முடியுமா" என்றால் யாரும் முடியும் என்பார்கள். "மருத்துவக் கல்லூரிக்கு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா" என்று கேட்டால், தெரியாதவருக்கு மறுக்க ஒரு வாசல் கிடைக்கும். அமெரிக்கப் பேராசிரியர் "உன் கிரேடைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்" என்றாலோ, "வேறு யாரும் உன்னை நன்றாக அறிந்தவர் இல்லையா" என்றாலோ அது மறுப்பு. நம் ஊரில் "பார்க்கலாம்மா" என்பதும் அதேதான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வற்புறுத்தி வாங்கிய வெதுவெதுப்பான கடிதம் நல்ல கடிதங்களின் சூட்டையும் குறைக்கும்.

பேராசிரியர்களை பிப்ரவரியில் நேரில் கேளுங்கள், ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். ஒப்புக்கொண்டவருக்கு ஒரே மின்னஞ்சலில் எல்லாம் போகட்டும்: பயோடேட்டா, சொந்த அறிக்கையின் இப்போதைய வடிவம், அவரிடம் நீங்கள் படித்தது அல்லது செய்தது பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, ஏ.ஏ.எம்.சி. வழிகாட்டி, கெடு. கடிதம் தேர்வுக் குழுவுக்குப் பொதுவாக எழுதப்பட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் சொல்லுங்கள். ஒரு கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால், அதே தாள் நீங்கள் போடும் எல்லாக் கல்லூரிக்கும் போய்ச் சேரும். ஆம்காஸ் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கக் கடிதங்கள் வந்திருக்க வேண்டியதில்லை, எனவே ஒருவர் தாமதித்தார் என்று விண்ணப்பத்தைப் பிடித்து வைக்காதீர்கள். ஆனால் கடிதம் வராதவரை பல கல்லூரிகள் உங்கள் கோப்பைப் பரிசீலனைக்கு எடுக்காது. ஜூன் கடைசிக்குள் எல்லாம் ஏறிவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமான ஃபெர்பா தரும் உரிமை அது. விட்டுக்கொடுங்கள். விடாவிட்டால், மாணவர் படிப்பார் என்று தெரிந்து எழுதியது என்றே கடிதத்தை எடைபோடுவார்கள். எழுதியவர் தானாகக் காட்டினால் அது வேறு; நீங்கள் நகல் கேட்காதீர்கள்.

தம்பிக்கு வேறு முறை. இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு ரெஃபரன்ஸ்தான், அதைப் பள்ளியே தர வேண்டும். பள்ளியைப் பற்றிய பொதுக் குறிப்பு, மாணவர் படிப்பைப் பாதித்த சூழல் ஏதாவது இருந்தால் அது, பிறகு மாணவரைப் பற்றி என்று மூன்று பகுதி. மருத்துவத்துக்குக் கெடு அக்டோபர் 15, மற்றப் படிப்புகளுக்கு முன்னதாகவே வந்துவிடும். சிஸ்டரின் நல்லெண்ணத்தை அவனுக்குத் திருப்பிவிடுங்கள். ஜூன் மாதமே அவரிடமும் உயிரியல், வேதியியல் ஆசிரியர்களிடமும் அவன் போய்ப் பேசட்டும். முதல்வர் பொதுவாக எழுதுவதைவிட, பாட ஆசிரியர்கள் வகுப்பில் பார்த்ததைச் சொல்லி, முதல்வர் அதைத் தொகுத்து அனுப்புவது நல்லது.

உங்களுக்கு என் கணக்கில் ஐந்து: ஜெனெடிக்ஸ், ஜனவரி செமஸ்டரின் சிறிய வகுப்பு, அறவியல், ஆய்வகத்துக் கூட்டுக் கடிதம், மருத்துவ அலுவலர். நான்குதான் ஏற்போம் என்று சொல்லும் கல்லூரிக்கு, எக்செல் தாளைப் பார்த்து ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். குறைப்பது மருத்துவ அலுவலரின் கடிதமாக இருக்க வேண்டாம்.

இப்போது காப்பிப் பழம் பறிக்கும் சமயம், எஸ்டேட் வேலையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதையே காரணம் காட்டித் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு நாள் வெளிநோயாளி நேரம் முடிந்தபின் சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.